அஞ்சு சந்தனப் பொட்டு

இல்லீங்க, டாக்டர் கண்டுபிடிக்கல. ஒரு பழைய மானிட்டர்தான் கண்டுபிடிச்சுது.

சிரிக்காதீங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டீங்க, நெசத்தச் சொல்றேன். உங்க மாமனாரு இப்பத்தான் உள்ள போயிருக்காரு. இந்தக் கால் டாக்டர் ஒரு காலுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்குவாரு, மனுசனுக்கு ரெண்டு கால். அவருக்கு அடுத்தது நான். சொல்லி முடிச்சுரலாம். நீங்க அந்த வாசல்ல இருந்து நடந்து வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்ததுல இருந்தே, உங்ககிட்ட இதச் சொல்லோணும்னு தோணிட்டே இருக்குதுங்க.

எம்பேரு வெள்ளிங்கிரி. அம்பத்து நாலு வயசு. இருபத்தாறு வருசம் ஃபவுண்டரியில மோல்டிங் வேலை. பகல்ல மண்ணு, பொழுது போனா ராத்திரிப் பள்ளிக்கூடம். பத்தாவது மூணு தடவை எழுதுனேன். மூணாவது தடவை பாஸாயிட்டேன், வாத்தியாரே பயந்துட்டாரு. அப்பறம் ஃபவுண்டரிய மூடிட்டாங்க. இனி என்ன பண்றதுன்னு யோசிச்சு கம்ப்யூட்டர் மானிட்டர் ரிப்பேர் கத்துக்கப் போனேன்.

உடம்புக்கு ஒரு கொறையும் இல்லீங்க அப்ப. அதுதான் எனக்குப் பெரும. தலைவலின்னு ஒரு மாத்திரை போட்டதில்ல. ஒரு தடவை டவுன் பஸ்ஸுல எறங்கி வீட்டுக்கு வந்து பாத்தா, ஒத்தச் செருப்போட நிக்கறேன். இன்னொண்ணு எங்க கழண்டுதுன்னே தெரியல. எம்பொண்டாட்டி சிரிச்சா. நானும் சிரிச்சேன். அத்தோட விட்டாச்சு.

எனக்குக் கத்துக்குடுத்தது ரோசலின்னு ஒரு அம்மிணி. முப்பத்திரெண்டு வயசு. காந்திபுரத்துல மாடி மேல கடை. எம்மவ வயசுதான். ஆனா தொழில்ல குரு குருதானுங்களே. நான் வாத்தியாரம்மான்னு கூப்பிடுவேன், அவங்க என்னைய அண்ணான்னு கூப்பிடுவாங்க.

கேள்வி கேட்டா வாயத் தெறந்து பதில் சொல்ற பழக்கம் அவங்களுக்குக் கெடையாது. மொத நாள் ஒண்ணு கேட்டேன்.

"ஏனுங் வாத்தியாரம்மா, பழைய மானிட்டருக்கும் புது மானிட்டருக்கும் என்னங்க வித்தியாசம்?"

ஒரு பழசு, ஒரு புதுசு, ரெண்டையும் என் முன்னால வெச்சாங்க. ரெண்டையும் அணைச்சாங்க. போயி டீ குடிக்க உக்காந்துட்டாங்க.

ரெண்டுலயும் எம்மூஞ்சிதான் தெரிஞ்சுது. அதுக்கு மேல நான் கேக்கல.

கடையில ரெண்டு சட்டம். செருப்ப வெளிய விட்டுட்டு வெறுங்காலோடதான் உள்ள வரோணும். ரெண்டாவது, மானிட்டரப் பிரிச்சா கழட்டற திருகாணியெல்லாம் சோத்து டப்பா மூடியில வரிசையா வைக்கோணும். மூடறப்ப ஒரு திருகாணி கொறஞ்சாலும் அந்த மானிட்டர் கடைய விட்டுப் போகாது. வேற திருகாணி போடலாமேன்னு கேப்பீங்க. போடக் கூடாது. அதே திருகாணி வரோணும்.

ஆயுத பூஜைக்கு மொத நாள் கடையக் கழுவறப்ப நான் ஒரு திருகாணியத் தொலைச்சுட்டேன். ஊசி மூக்கு, ஸ்டார் தலை. சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். காந்தத்தக் கயித்துல கட்டி, ஆடு மேய்க்கற மாதிரி கடை முழுக்க இழுத்துட்டு நடந்தேன். ஆணி கெடச்சுது, குண்டூசி கெடச்சுது, காணாமப் போன ஒரு கொலுசுத் திருகு கூட கெடச்சுது. திருகாணி கெடைக்கல.

மறுநாள் பூஜை. அந்தம்மா சர்ச்சுக்குப் போறவங்க, ஆனா நான் பூஜை பண்றத ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சால்டரிங் அயர்னுக்கெல்லாம் பொட்டு வெச்சேன். கடைசியா, குருவாச்சேன்னு அவங்க கால்ல விழப் போனேன். வெடுக்குன்னு ரெண்டடி பின்னால போயிட்டாங்க.

"கால்ல விழற வேலையெல்லாம் வேண்டாம்ணா. அந்த மானிட்டருக்கு ஸ்டாண்டு ஆடுது, அதோட காலப் பாருங்க."

அதுல இருந்து கடைக்குள்ள நடந்தா டக்கு டக்குன்னு ஒரு சத்தம். டைல்ஸ் பேந்திருக்குதுன்னு நெனச்சேன். நானேதான் சொன்னேன்.

"வாத்தியாரம்மா, தரையப் பாக்கோணுங்க. ஒரு டைல்ஸ் ஆடுது."

அவங்க தரையப் பாத்தாங்க. அப்பறம் என்னையப் பாத்தாங்க.

பூஜை முடிஞ்சு மூணாம் நாள் குப்புராஜ் வந்தாரு. கல்யாணப் பத்திரிகை அடிக்கற பிரஸ் வெச்சிருக்கறவரு. பேச்ச நிறுத்தாத மனுசன். மூச்சு எப்ப விடறாருன்னே தெரியாது. தோள்ல ஒரு பழைய மானிட்டரக் கைக்கொழந்தை மாதிரி சாச்சுட்டு வந்தாரு.

"வெள்ளிங்கிரி, இதுக்குக் காது கேக்கல."

"மானிட்டருக்கு ஏதுங்க காது?"

"தொட்டா கேக்க மாட்டேங்குதுய்யா. கீழ பட்டன் இல்ல, வெறும் புள்ளிதான். தொட்டா மெனு வரும், வெளிச்சம் கூடும், கொறையும். இப்ப என்ன தொட்டாலும் அசையல. திரை இருட்டா கெடக்குது. நேத்து ஒரு பத்திரிகையில பொண்ணோட அப்பன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் மாத்தி அடிச்சுப் போட்டேன். ரெண்டு குடும்பமும் வாசல்ல நிக்குது."

மேசையில வெச்சுத் துணிய எடுத்தேன். பாத்துட்டு எனக்குச் சிரிப்பு அடங்கல.

கீழ்ச் சட்டத்துல அஞ்சு புள்ளி. அந்த அஞ்சு புள்ளி மேலயும் அச்சு எடுத்த மாதிரி அஞ்சு சந்தனப் பொட்டு. நடுவுல குங்குமம்.

"யாரு வெச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு. பொட்டு வைக்கறதுக்குன்னே புள்ளி போட்டுக் குடுத்திருக்கான்னு நெனச்சேன்."

ரோசலின் அம்மிணி எட்டிப் பாத்தாங்க. சந்தனம் ஈரமா இருந்தா, யாரோ விரல எடுக்காம வெச்சிருக்கறாங்கன்னு அந்தப் புள்ளி நெனச்சுக்கும். வெளிச்சத்தக் கொறைக்கற புள்ளி மேலயும் ஒரு பொட்டு இருந்ததால, அது கொறைச்சுட்டே போயி இருட்டாயிருச்சு. அப்பறம் எதையும் நம்பாம பூட்டிக்கிச்சு. இத அவங்க எனக்குச் சொல்லல. குப்புராஜுக்குச் சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டேன்.

எங்கிட்டச் சொன்னது இவ்வளவுதான். "தொடைங்கண்ணா."

பஞ்சுல ஸ்பிரிட்டு நனைச்சுத் தொடைச்சேன். சந்துக்குள்ள எறங்குனத ஊசியால நோண்டி எடுத்தேன். பிளக்கப் புடுங்கிப் பத்து நிமிஷம் சும்மா விட்டோம். உள்ள மிச்சம் இருக்கற கரண்ட் வடியோணும்.

அந்தப் பத்து நிமிஷத்துல நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு கேள்வி கேட்டேன்.

"வாத்தியாரம்மா, தொடறது தனக்குத் தெரியலைங்கறது, அந்த மானிட்டருக்குத் தெரியுமுங்களா?"

குப்புராஜ் சிரிச்சாரு. "பத்தாவது மூணு தடவை எழுதுனவங்கிட்ட வந்தது தப்பாப் போச்சு."

அவங்க சிரிக்கல. பிளக்க மாட்டுனாங்க.

"மானிட்டர் எழுந்திரிக்கறப்ப யாரும் மேல கை வைக்காதீங்க."

லைட்டு எரிஞ்சுது. அவங்க ஒரு புள்ளிய லேசாத் தொட்டாங்க. மெனு வந்துச்சு. குப்புராஜ் தொட்டாரு. வெளிச்சம் பளீர்னு ஏறுச்சு. மனுசன் துள்ளிட்டாரு.

"நீங்க தொடுங்கண்ணா."

தொட்டேன். ஒண்ணும் ஆகல.

மறுபடி தொட்டேன். ஊகூம்.

அழுத்துனேன். விரல் புள்ளிக்குப் பக்கத்துல எறங்கி, சட்டம் வளைஞ்சு கிரீச்சுன்னுது.

"பட்டனாண்ணா அது, அழுத்தறதுக்கு? சும்மா தொடுங்க."

"சும்மாதானுங்க தொடறேன். இது ஆளப் பாத்து வேல செய்யுது. மறுபடி பிரிக்கோணும்."

"இப்பத் தொட்டுட்டு இருக்கீங்களா?"

"தொட்டுட்டுத்தானுங்க இருக்கேன்."

"நல்லாப் பட்டிருக்கா?"

"பட்டிருக்குதுங்க."

குப்புராஜ் கையில ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்துச்சு. தப்பா அடிச்ச அதே பத்திரிகை. அவங்க அத வாங்குனாங்க. என் விரலுக்கும் மானிட்டருக்கும் நடுவுல விட்டாங்க. இந்தப் பக்கம் உள்ள போயி அந்தப் பக்கம் வெளிய வந்துச்சு. எங்கயும் இடிக்கல.

என்னங்க? ஆமாங்க. விரல் படவே இல்ல. ஒரு நூல் ஒசரத்துல அந்தரத்துல நிக்குது. பட்டிருக்குதுன்னு நான் சத்தியம் பண்ணிட்டு இருக்கறேன்.

"ஃபவுண்டரி விரலுங்க," ன்னேன். "தோல் தடிச்சுப் போச்சு. அதான்."

"உக்காருங்கண்ணா. வலது கால இந்த ஸ்டூல் மேல வைங்க."

"காலு எதுக்குங்க?"

"வைங்க."

வெச்சேன். அவங்க தரையில உக்காந்துட்டாங்க. எங்காலப் புடிச்சாங்க. நான் பதறிப் போயிட்டேன்.

"ஐயையோ, கால்லயா கை வைக்கறது! எழுந்திரிங்க வாத்தியாரம்மா. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க."

"குப்புராஜ் அண்ணன் மட்டும்தான் இருக்காரு. அவரு நெனக்கறதில்ல, பேசறதோட சரி. கண்ண மூடுங்க. நான் ஒவ்வொரு தடவை தொடறப்பவும் சொல்லுங்க."

மூடுனேன். ஃபேன் சுத்துற சத்தம். கீழ பஸ் ஹாரன். குப்புராஜ் என்னமோ சொல்லிட்டு இருந்தாரு, பாதி வார்த்தையில நிறுத்திட்டாரு. அந்த மனுசன் பேச்ச நிறுத்தி நான் கேட்டதே இல்லீங்க.

நான் காத்திருக்கறேன். காத்திருக்கறேன்.

"ஆரம்பிங்க வாத்தியாரம்மா."

இன்னுங்கொஞ்சம் பொறுத்துப் பாத்தேன்.

"எப்பங்க ஆரம்பிக்கப் போறீங்க?"

"முடிச்சுட்டேண்ணா. கண்ணத் தெறங்க."

தெறந்தேன்.

என் அஞ்சு கால் விரல் மேலயும் அஞ்சு சந்தனப் பொட்டு. நடுவுல குங்குமம். பூஜையில மிஞ்சுன சந்தனம், தண்ணியில கொழைச்சுப் பிரஷ்ஷுல வெச்சிருக்காங்க. ஈரம் விரல் இடுக்குல வடிஞ்சு ஸ்டூல்ல சொட்டிட்டு இருக்குது. சந்தனமுங்க. வெச்சா ஜில்லுன்னு உச்சந்தலை வரைக்கும் ஏறோணும்.

எங்காலுதானான்னு ஆட்டிப் பாத்தேன். ஆடுச்சு.

நெசமாவே இப்பத்தான் வெச்சாங்களான்னு குப்புராஜப் பாத்தேன். அவரு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திட்டு நின்னாரு.

அப்பறம் அவங்க கால மெதுவாத் தூக்கி அடிப்பக்கம் பாத்தாங்க. குப்புராஜும் குனிஞ்சு பாத்தாரு. "சாமீ!" ன்னு கத்திட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"என்னங்க? என்ன இருக்குது?"

மானிட்டருக்குப் பின்னால நின்னு வேலை செய்யறப்ப முன்னால திரை எப்படி இருக்குதுன்னு பாக்கறதுக்கு, கடையில ஒரு சின்னக் கண்ணாடி வெச்சிருப்போம். அத எடுத்தாங்க. எங்காலுக்குக் கீழ புடிச்சாங்க.

பெருவிரலுக்குக் கீழ, உள்ளங்கால் மேட்டுல, ஸ்டார் தலை தெரியுது. தரையில தேஞ்சு தேஞ்சு வெள்ளிக் காசு மாதிரி பளபளன்னு இருக்குது. சுத்தியும் கருப்பு.

எனக்கு மொத வார்த்தை என்ன வந்துச்சு தெரியுங்களா?

"கெடச்சிருச்சு!" ன்னேன்.

சொன்னதுக்கு அப்பறந்தான் எங்க கெடச்சிருக்குதுன்னு ஒறைச்சுது. நாலு நாளுங்க. காந்தத்தக் கட்டிட்டு நான் தேடித் தேடி நடந்தது பூரா அது மேலயேதான் நடந்திருக்கறேன். டைல்ஸ் ஆடுதுன்னு சொன்னது நான்தான்.

அப்பத்தானுங்க பயந்தேன். எரியற கொப்பரை பக்கத்துல நின்னவனுங்க நான். உருக்குன இரும்பு தெறிச்சப்பக் கூட அப்படிப் பயந்ததில்ல. அப்ப வலிச்சுதே.

நான் அத விரலால நெம்பப் போனேன். கைய அமுக்கிப் புடிச்சுட்டாங்க. "ஆஸ்பத்திரியில எடுக்கட்டும்" ன்னு சுத்தமான துணியச் சுத்துனாங்க. கால் தரையில படக் கூடாதுன்னாங்க.

எனக்கு அழுகையா கோவமான்னே தெரியல. அவங்ககிட்டத்தான் கேட்டேன்.

"வலிக்கவே இல்லியேங்க வாத்தியாரம்மா. ஒரு பொட்டு வலிச்சிருந்தாக் கூட, நானே ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போயிருப்பனே!"

அவங்க துணிக்கு முடிச்சுப் போட்டுட்டு இருந்தாங்க. தலையத் தூக்கல.

"எந்த மானிட்டரும் தானா நடந்து கடைக்கு வந்ததில்லண்ணா."

குப்புராஜ் என்னையத் தூக்கிட்டுப் படி எறங்குனாரு. அவரு வண்டியில பின்னால நான், என் மடியில அந்த மானிட்டர். பாதி வழியில ஒரு தடவை அதத் தொட்டுப் பாத்தேன். எதுக்குன்னு கேக்காதீங்க.

இங்க வந்து ரத்தம் எடுத்தாங்க. சக்கரை நானூத்திச் சொச்சம். எத்தன வருசமா இருந்துச்சோ. டாக்டர் திருகாணிய எடுத்து ஒரு சின்ன டப்பாவுல போட்டு, "இது வேணுமா?"ன்னு கேட்டாரு, வெளையாட்டுக்கு. வேணும்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல. அத வாங்கி அம்மிணி கொதிக்க வெச்சு, ஸ்பிரிட்டுல கழுவி, சோத்து டப்பா மூடியில வெச்சாங்க. அடுத்த நாள் அந்தத் திருகாணிக்குச் சொந்தமான மானிட்டர மூடி அனுப்பியாச்சு. சட்டம் சட்டந்தானுங்க.

இது மூணாவது வாரம். புண்ணு இன்னும் ஆறல. இன்னிக்குக் கட்டப் பிரிச்சுப் பாத்து, பெருவிரல் இருக்கலாமா, எடுக்கோணுமான்னு சொல்லிருவாங்க. எடுத்தா அத்தோட நிக்குமான்னும் கேக்கோணும். ராத்திரியெல்லாம் ஒரே வேண்டுதல். என்னன்னு சிரிப்பீங்க. இன்னிக்கு அவங்க கட்டப் பிரிக்கறப்ப வலிக்கோணும்னு வேண்டிக்கிட்டேன்.

இந்தப் பையில இருக்கறது அந்தக் கண்ணாடிதானுங்க. அவங்க குடுத்து விட்டாங்க. காலையில எந்திரிச்சதும் மூஞ்சியப் பாக்கறதில்ல, உள்ளங்காலத்தான் பாக்கறேன். சும்மா புடிச்சுப் பாருங்க. வெயிட்டே இல்ல.

"வெள்ளிங்கிரி! வெள்ளிங்கிரி யாரு?"

நான்தானுங் சிஸ்டர். வரேன், வரேன். கட்டைய ஊணி எந்திரிக்கோணுமில்ல.

அந்தா, உங்க மாமனாரும் வெளிய வராரு. கொஞ்சம் புடிங்க அவர... இல்லீங்க, கண்ணாடி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் திரும்பி வர வரைக்கும்.

என்னங்க? உங்களுக்கு எதுக்கா? உங்களுக்கு ஒரு கொறையும் இல்லையா? மாமனாருக்குத் தொணையாத்தான் வந்தீங்களா?

சரிங்க. சரிங்க.

வந்துட்டேன் சிஸ்டர், ஒரு நிமிஷம்.

உங்க இடது கால் செருப்பு, அந்த வாசல்ல தண்ணித் தொட்டிகிட்டக் கெடக்குதுங்க. நீங்க உள்ள வந்ததுல இருந்தே அங்கதான் கெடக்குது.